டால்ஃபினின் தாய்வீடு

டால்ஃபின், பெங்களூரில் தயாரான இரண்டு கதவு ஹேட்ச்பேக் கார். சிபானி ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 1982இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார் என்றாலே அம்பாசிடர், இல்லையென்றால் பிரீமியர் பத்மினி என்றிருந்த காலம். அப்போது இரும்புத் தகடு இல்லாமல் ஃபைபர் பாடியோடு வந்த சின்ன வண்டி இது. இன்று அதைச் சாலையில் காண்பது அரிது. அதன் பிறப்பைத் தேடிப் போக வைத்தது, எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு கறுப்பு வெள்ளை நெகடிவ்.

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 24க்கு 36 மி.மீ. அளவுதான். மூடியில் விளக்குள்ள ஃபிளாட்பெட் ஸ்கேனரில் 2400 டிபிஐ வைத்தால் அது ஏறக்குறைய 77 லட்சம் புள்ளிகளாக விரியும். கலர் நெகடிவில் உள்ள தூசியை அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்துத் தானே நீக்கும் வசதி சில ஸ்கேனர்களில் உண்டு. கறுப்பு வெள்ளைக்கு அது உதவாது. அந்தப் படமே வெள்ளித் துகள்களால் ஆனது; துகள்கள் அகச்சிவப்பை மறைப்பதால் ஸ்கேனர் படத்தையும் தூசி என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே காற்றுப் பந்தால் ஊதிவிட்டு, மிஞ்சியதைத் திரையில் ஒவ்வொரு புள்ளியாக நீக்க வேண்டும். பல மழைக்காலங்களைப் பார்த்த ஃபிலிமில் பூஞ்சையும் இருக்கும். இலை நரம்பு போலக் கிளை பிரிந்து ஓடும் அந்தக் கோடுகள் ஊதினால் போவதில்லை.

முதலில் குறைந்த அளவில் எடுத்துப் பார்த்த ஸ்கேனில் காரின் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது. நம்பர் பிளேட் வெறும் கறையாகத் தெரிந்தது. வெளிநாட்டில் எடுத்த படம் என்று நினைத்து இரண்டு நாள் அந்த வழியிலேயே தேடினேன். ஃபிலிமுக்குப் பளபளப்பான பக்கம் ஒன்று, எமல்ஷன் பூசிய மங்கலான பக்கம் ஒன்று. மாற்றி வைத்துவிட்டால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறிவிடும். ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் எண்கள் நேராக வாசிக்கும்படி இருக்கின்றனவா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். புரட்டி வைத்து முழு அளவில் எடுத்ததும் ஸ்டீயரிங் வலப்பக்கம் வந்தது, பிளேட்டில் சி.ஏ. என்று தொடங்கும் எண் தெளிந்தது. 1989இல் கே.ஏ. வரிசை வருவதற்கு முன் கர்நாடக வண்டிகளுக்கு இருந்த வரிசை அது.

வண்டியின் பெயர் பெங்களூரின் ஜே.சி. ரோட்டில் கிடைத்தது. அங்கே உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், பிரிண்டைக் கையில் வாங்கிய உடனே டால்ஃபின் என்றார். தட்டினால் தகரச் சத்தம் வராது, கதவில் விரிசல் விட்டால் கண்ணாடி இழைப் பாயை ஒட்டி, ரெசின் தடவி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிடுவோம் என்றார்.

அந்த ஃபைபர் பாடிதான் அடுத்த தடயம். சிபானிக்கு அது புதிதல்ல. 1970களின் நடுவில், சன்ரைஸ் என்ற பெயரில் இருந்தபோதே பாதல் என்ற மூன்று சக்கரக் காரை அந்த நிறுவனம் செய்திருந்தது. அதன் 198 சிசி எஞ்சின் பின்னால் இருந்தது. டால்ஃபினுக்கான வடிவம் மட்டும் இங்கிலாந்தின் டாம்வொர்த் நகரத்திலிருந்து வந்தது. அங்கே ரிலையன்ட் நிறுவனம் 1975 முதல் 1982 வரை கிட்டன் என்ற காரைச் செய்தது. 848 சிசி எஞ்சின், தனிச் சேசிஸ், அதன்மேல் ஃபைபர் பாடி, பின்சக்கர இழுவை. அதற்கு எஸ்டேட் என்ற வேகன் வடிவமும் உண்டு. எல்லாம் சேர்த்துச் செய்தவை நாலாயிரத்துச் சொச்சமே.

கிட்டனுக்கும் ஒரு மூத்தது உண்டு: 1973இல் வந்த ராபின் என்ற மூன்று சக்கர வண்டி. எடை குறைந்த மூன்று சக்கர வண்டிகளை மோட்டார் சைக்கிள் லைசென்ஸை வைத்தே ஓட்டப் பிரிட்டன் அனுமதித்தது, வரியும் குறைவு. எடையைக் குறைக்கவே ரிலையன்ட் ஃபைபரைப் பிடித்துக்கொண்டது. எஞ்சினிலும் அதே சிக்கனம்தான். 1962இல் அது முழு அலுமினிய எஞ்சினைச் செய்யத் தொடங்கியது. அதற்கு மூலமாக இருந்தது ரிலையன்ட் முன்பு பயன்படுத்திய ஆஸ்டின் செவன் எஞ்சின். 1939இல் ஆஸ்டின் அதை நிறுத்தியபோது ரிலையன்ட் தானே அதே மாதிரி செய்துகொண்டது. ஆக, 1922இல் பிறந்த ஆஸ்டின் செவன் வரை இந்த வம்சம் போகிறது.

இரும்புத் தகட்டில் பாடி செய்யப் பெரிய பிரஸ்களும் விலை உயர்ந்த டைகளும் வேண்டும். ஃபைபருக்கு அச்சும் ஆட்களின் கையும் போதும். சொந்தக் கார்த் தொழிலைத் தொடங்க நினைத்த நாடுகளுக்கு ரிலையன்ட் கைகொடுத்தது இதனால்தான். இஸ்ரேலின் சுசிட்டாவும், 1966இல் துருக்கியில் வந்த அனடோலும் அப்படிப் பிறந்தவை. பெங்களூரின் டால்ஃபின் அந்த வரிசையில் வந்த தங்கை. சொற்ப முதலோடு ஒரு கார் செய்ய முடியும் என்று இந்த ஊர் காட்டியதை அதற்குரிய மரியாதையோடு நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சுஸுகியின் 796 சிசி எஞ்சின், இரும்பு பாடி, பக்கத்துக்கு இரண்டு கதவு. டால்ஃபினிலோ முன்சீட்டை மடக்கிவிட்டுத்தான் பின்னால் ஏற வேண்டும். சேலை கட்டிய பாட்டிக்கு அது எவ்வளவு சிரமம் என்று சொல்ல வேண்டியதில்லை. 1987இல் சிபானி நான்கு கதவோடு மான்டானாவைக் கொண்டுவந்தது. அதற்குள் சந்தை மாருதியின் கையில் இருந்தது.

அந்த ஃபிலிம் துண்டில் டால்ஃபினுக்கு முந்தைய படத்தையும் பிறகு ஸ்கேன் செய்தேன். கேட்டுக்கு வெளியே, தெருவோரமாக, ஒரு மாருதி 800 நிற்கிறது. எனவே இந்த நெகடிவ் 1983 டிசம்பருக்கு முந்தியதாக இருக்க முடியாது.