ஒட்டி வைத்த பிரயாணங்கள்

பிரயாணம் போய் வருகின்றவர்கள் கைத்தொலைபேசி நிறையப் படங்களைக் கொண்டுவருகிறார்கள். ஒரு மாதம் சென்றபின் அவற்றைத் திறந்து பார்ப்பவர் சிலரே. கையால் தைத்த கொப்பியில் ஒட்டி வைத்த பஸ் சீட்டோ அவ்வாறன்று. வீட்டுக்கு வந்தவர் அதைப் புரட்டாமல் போவதில்லை. ஆகவேதான் விடுமுறை தோறும் நம் மாணவருக்கு, "ஒரு கொப்பி தையுங்கள்" என்று சொல்லியனுப்புகிறோம்.

வெலிமடையிலிருந்து எத்திசையிற் புறப்பட்டாலும் கொப்பிக்குப் பொருள் உண்டு. நுவரெலியாப் பாதையில் ஹக்கலைப் பூந்தோட்டம், 1861இல் சிங்கோனா மரம் பயிரிட்டுப் பார்ப்பதற்காகத் தோன்றியது. அதன் நுழைவுச் சீட்டும் உதிர்ந்த இலையொன்றும் போதும். (பறித்த இலை வேண்டாம்!) பண்டாரவளையிற் புகையிரதம் ஏறிப் பதுளைக்குப் போனால், தெமோதரையில் வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, தான் நின்ற நிலையத்தின் கீழேயே சுரங்கத்தில் நுழையும். எந்தப் படத்திலும் அடங்காத அந்த விந்தையைப் பென்சிலால் ஒரு வளையம் வரைந்து காட்டிவிடலாம்.

கோதுமை மாப் பசையைப் பூச்சி விரும்பி உண்ணும். பழைய புத்தகக் கட்டுநர் அதில் மயில்துத்தம் கலப்பர். அது விஷம், சிறுவர் கைக்கு ஆகாது. பசையை ஓர் ஓரத்தில் மட்டும் தடவுக. பின்பக்கத்திலும் எழுத்து இருக்கக்கூடும். இக்காலத்து இயந்திரச் சீட்டுக்களின் எழுத்து சில மாதங்களிலேயே மறைந்துவிடும். அன்றிரவே ஊர், திகதி, கட்டணம் மூன்றையும் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தன் பாட்டனாரின் கொப்பியைக் கொண்டுவந்தாள். முதற் பக்கத்தில் கதிர்காமத்து விபூதி மடித்த காகிதம். மூன்றாம் பக்கத்தில் பண்டாரவளை நிலையத்தின் மேடைச் சீட்டு. கீழே 1972ஆம் ஆண்டுத் திகதியும், "தங்கச்சி போனா" என்ற இரண்டு சொற்களும்.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஒரே லயத்தில் பிறந்த அண்ணனும் தங்கையும் இரு கணக்கில் விழுந்தார்கள். அவள் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறினாள். அதற்குப் பிந்திய பக்கங்களில் இருப்பவை யாவும் கோத்தகிரியிலிருந்து வந்த தபால் முத்திரைகளே. எத்தனையோ ஏடுகளில் அக்குடும்பத்தின் பெயர் இலக்கமாக நின்றிருக்கும். அவர்கள் தாமே எழுதிய ஏடு இது ஒன்றுதான்.

"சேர், தாத்தா எங்கயும் போகலையே, இது பிரயாணக் கொப்பியாகுமா?" என்று கேட்டாள்.

கடைசியில் பதினொரு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவற்றைக் காட்டிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். மறு தவணையில் அதே கொப்பி மேசைக்கு வந்தது. முத்திரைகளுக்கு அடுத்த பக்கத்தில் கொழும்பு–திருச்சி விமானச் சீட்டின் துண்டும், கோத்தகிரி பஸ் சீட்டும். பஸ் சீட்டின் அருகே பென்சிலால் கட்டணம்.