இரு உட்கோப்புறைகள்

எம் கல்லூரியின் இணையத்தளம், 2001 இல் முதன்முதல் வெளிவந்த துரூபல் என்னும் மென்பொருளில் இயங்குகின்றது. பிறர் இலவசமாய் வழங்கும் நீட்சிகளும், பழைய மாணவர் பெயரேட்டுக்கென யாமே எழுதிய நீட்சியும் ஒரே கோப்புறையிற் கலந்து கிடந்தன. பிறருடையதைப் புதுப்பிக்கும்போது பழையது முழுவதும் அழிக்கப்படும். அதனை மீளப் பெறலாம். எம்முடையது அவ்வழிப்பிற் சிக்கின் மீட்டுத் தருவார் எவருமிலர். ஆதலின் பிறருடையவற்றைக் 'கொன்ரிப்' என்றும், எம்முடையதைக் 'கஸ்ரம்' என்றும் துரூபல் வழக்குப்படியே பிரித்துவைத்தோம். (பின்னது தமிழாசிரியர் செவியிற் 'கஷ்டம்' என்றே ஒலிக்கும்!) உட்கோப்புறைகளையும் துரூபல் துருவித் தேடுமாதலின் இடரில்லை, வேர்ட்பிரஸோ ஒரு படிக்குக் கீழ் இறங்கிப் பாராது. எமக்குப்பின் பெயரேட்டைப் பேணவரும் மாணாக்கர் ஒன்று அறிதல் வேண்டும்: நீட்சியை இடம் மாற்றியதும், துரூபல் தன் நினைவிற் குறித்துவைத்த பழைய வழிகளை அழித்துவிடுக, இல்லையேல் அது பழைய இடத்திலேயே தேடிநிற்கும்.