நீலம் அழிந்த இடம்

மன்னார்த் தீவிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு உப்பு என்பது கறிக்கு இடும் பொருள் மட்டுமன்று. அது காற்றிலும் உண்டு, கிணற்றிலும் உண்டு, கதவுப் பிணைச்சலிலும் உண்டு. சோளகம் வீசத் தொடங்கிவிட்டால், மாலையிலே துடைத்து வைத்த விளக்குக் கண்ணாடியிற் காலையில் விரலால் எழுதலாம். புதிதாக வாங்கிய துவிச்சக்கரவண்டியின் கம்பிகள் ஓராண்டுக்குள் செம்மை படர்ந்துவிடும். அத்தகைய ஊரிலே என் அப்பப்பா ஓர் இரட்டைக்குழல் துவக்கை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துரு அண்டாமற் காத்தார். அதனை ஒருமுறை கெடுத்தவன் நான். துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் நெஞ்சில் எழும் நினைவுகள் எவை என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும் நான் முதலிற் கண்ட துவக்கு, மண்வெட்டிக்கும் கத்திக்கும் அருகே சாத்தி வைக்கப்பட்ட கமக்காரனின் கருவியாகவே இருந்தது.

எங்கள் வீடு தீவில். வயலோ பெருநிலத்தில், உயிலங்குளத்திற்கு அப்பால், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் நிலம். காலபோக நெல் குடலைப் பருவத்தை எய்தியதும் காட்டுப்பன்றிகள் வரத் தொடங்கும். ஒரு கூட்டம் ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பைக் கிளறிவிட்டுப் போய்விடும். ஆகவே கமக்காரர் பலர் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருந்தனர். வசதி குறைந்தோர் இடியன் துவக்கோடு காவல் இருந்தனர். அப்பப்பாவினுடையது பேர்மிங்காமிற் செய்யப்பட்ட பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று குழலினுட் சரியாக அடங்கும் என்பதே அந்த இலக்கத்தின் பொருள் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. பின்னர் நூலொன்றிற் கண்டபோதுதான், நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மனிதர்மீது எனக்கு வியப்பு உண்டாயிற்று.

சனிக்கிழமை பிற்பகல் துவக்குத் துடைக்கும் நேரம். பாய் விரிக்கப்படும். மண்ணெண்ணெய்ப் போத்தல், தையல் மெசின் எண்ணெய், பழைய வேட்டிச் சீலை, நீண்ட கம்பு ஆகியவை வரிசையாக வைக்கப்படும். துவக்கை மடித்துத் திறந்து இரு குழல்களையும் வானத்தை நோக்கிப் பிடித்து, என்னையும் பார்க்கச் செய்வார்.

"வெறுங்குழல் எண்டு உன்ரை கண்ணாலை கண்டாப் பிறகுதான் சீலையிலை கை வைக்க வேணும், தம்பி. நான் சொன்னதை நம்பாதை."

வெடி வைத்த நாளின் மறுநாளாயின், முதலிற் கொதிநீரைக் குழலினுள் ஊற்றிக் கழுவுவார். இரும்பிலே தண்ணீரா என்று அயலவர் நகைப்பர். அவருடைய செயலுக்கு உரிய காரணத்தை நான் பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னரே விளங்கிக்கொண்டேன். பழைய தோட்டாக்களின் பொறிமருந்தில் பொட்டாசியம் குளோரேற்று இருந்தது. அது எரிந்தபின் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைட்டு. அதுவும் ஓர் உப்பே. எண்ணெயில் அது கரையாது, நீரிற் கரையும். எனவே கடல் வெளியே செய்யும் கேட்டை, வெடி குழலின் உள்ளே செய்தது. கொதிநீர் உப்பைக் கரைத்துச் செல்லும்; சூடேறிய குழல் தானே விரைவில் உலரும். அதன்பின் மண்ணெண்ணெய் நனைத்த சீலை, உலர்ந்த சீலை, இறுதியில் எண்ணெய் தோய்ந்த சீலை.

எண்ணெயையும் அவர் அளந்தே இடுவார். மிகுந்த எண்ணெய் புழுதியை இழுத்துச் சாந்தாக்கும். வழிந்து சோங்கின் மரத்தினுள் இறங்கி அதனை மெலிவிக்கும். அதற்காகவே துவக்கைத் துடைத்தபின் சில நாள் வாய் கீழாக நிறுத்தி வைப்பார். தேங்காயெண்ணெயை அவர் அனுமதிப்பதில்லை. நாட்பட அது காறிப் புளிப்பேறும் என்பது அவர் கூற்று. காறிய எண்ணெயில் விடுபடும் கொழுப்பமிலங்கள் உலோகத்தை அரிக்கும் என்பது வேதியியலின் கூற்று. தோலுறை ஒன்று இருந்தது. வயலுக்குக் கொண்டுபோகும் வழிக்கு மட்டுமே அது பயன்படும். வீட்டுக்கு வந்ததும் துவக்கு வெளியே எடுக்கப்படும். தோல் ஈரத்தைக் குடித்து வைத்திருந்து இரும்புக்குக் கொடுக்கும் என்பார். பெருநிலத்து வயற்குடிலில் ஒரு மாதம் துடையாது விட்டாலும் தாங்குகின்ற துவக்கு, தீவிலே மூன்றாம் நாளே செம்புள்ளி காட்டும் என்பதை அவர் அனுபவத்தாற் கண்டிருந்தார். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபத்தைந்து அளவைக் கடந்தால் கறியுப்பு அதனை உறிஞ்சித் தானே நீராகும். எங்கள் தீவின் இரவுகள் பெரும்பாலும் அவ்வளவைக் கடந்தவை.

1973ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயது. அப்பப்பா காய்ச்சலாற் படுத்திருந்தார். இரண்டு சனிக்கிழமைகள் கழிந்துவிட்டன. துவக்கைப் பார்த்தேன். இடக்குழலின்மேல், கடுகளவிற் சில செம்புள்ளிகள். அவர் எழுந்து வருமுன் அவற்றைப் போக்கி நற்பெயர் பெற எண்ணினேன். அம்மா குத்துவிளக்கைத் துலக்கும் முறை எனக்குத் தெரியும். பழப்புளியும் அடுப்புச் சாம்பலும் எடுத்து, தேங்காய்த் தும்பால் நன்றாகத் தேய்த்தேன். புள்ளிகள் போயின. அவற்றோடு நீலமும் போயிற்று. கருநீலக் குழலின் நடுவே உள்ளங்கையளவான இடம் தகரம்போல் வெளுத்துக் கிடந்தது. முதலில் அதன் பளபளப்பைக் கண்டு மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மறுநாட் காலையில் அவ்விடம் முழுவதும் செம்மஞ்சளாகத் துருப் பூத்திருந்தது.

அவர் என்னை அடிக்கவில்லை. பழைய செப்புச் சதம் ஒன்றை எடுத்து வரச் சொன்னார். துரு மீது எண்ணெய் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, அச்சதத்தின் விளிம்பாற் சுரண்டச் செய்தார். செம்பு உருக்கிலும் மெதுவானது. துருவைக் கிளப்பும், குழலிற் கீறல் விழுத்தாது. நீலத்தை மீட்க அதனால் இயலாது.

"இனி இந்த இடம் உன்ரை பொறுப்பு. நாள்தோறும் எண்ணெய்ச் சீலை. ஒருநாள் விட்டாலும் காட்டிக் குடுக்கும்."

நீலம் என்று நாம் சொல்வது சாயமன்று, பூச்சுமன்று. இரும்பின் மேற்பரப்பே கரிய ஒட்சைட்டாக மாற்றப்பட்ட நிலை அது. அதன் தடிப்பு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்களவினது. புளியின் அமிலம் அதனைக் கரைக்க எவ்வளவு நேரம் வேண்டும்? பழைய இரட்டைக்குழல் துவக்குகளுக்கு நீலமேற்றிய முறை இன்னும் விந்தையானது. தொழிலாளர் குழலைத் துருப்பிடிக்கவிடுவர். பின் கொதிநீரில் அவிப்பர். செந்துரு கருந்துருவாக மாறும். தளர்ந்ததைத் துலக்கி நீக்கி, மீண்டும் துருப்பிடிக்கவிடுவர். இவ்வாறு பன்முறை செய்தபின் அந்த நிறம் வரும். துருவைக் கொண்டே துருவைத் தடுக்கும் முறை எனலாம். அவ்வாறு தடுப்பதும் சிறிதளவே. அந்தக் கரிய படலம் நுண்துளைகள் உடையது. அத்துளைகளிலே எண்ணெய் தங்கும்வரைதான் காவல். எண்ணெய் உலர்ந்தால் நீலமுள்ள இரும்பும் நீலமற்ற இரும்பும் மன்னார்க் காற்றுக்கு ஏறத்தாழ ஒன்றே.

கொழும்பிலே கடையொன்றில், கொதிக்கும் கார உப்புக் கரைசலில் அமிழ்த்திப் புதுநீலம் ஏற்றித் தருவதாகக் கூறினர் என்று சிறிய தந்தையார் வந்து சொன்னார். அப்பப்பா உடன்படவில்லை. இரு குழல்களையும் பிணைக்கும் ஈயப்பற்றை அக்கரைசல் தின்றுவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தனர்; அது உண்மையே. ஆனால் அது மட்டும் காரணமாக இருந்திராது. துவக்கின் அடிப்புறத்தில், சுமந்து நடக்கும்போது இடக்கை தாங்கும் இடத்தில், நீலம் தேய்ந்து வெள்ளி நிறமாகி இருந்தது. அவ்விடம் ஒருபோதும் துருப்பிடித்து நான் காணவில்லை. அவரது கை தேய்த்த இடமும், என் புளி தின்ற இடமும் ஒரே நிறத்தவாய் அருகருகே இருந்தன.

1984ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் நாள் மன்னார்ப் பகுதியிற் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அதன்பின் வயலுக்குப் போவதே அரிதாயிற்று. இரவிற் கதவு தட்டப்பட்டால், தட்டுபவர் எவராயினும், வீட்டில் உள்ள துவக்கே முதற் கேள்வியாக இருக்கும் என்ற அச்சம் எல்லோரிடமும் இருந்தது. மறு ஆண்டு அப்பப்பா அதனைத் தாமே ஒப்படைக்கத் தீர்மானித்தார். விடுமுறையில் வந்திருந்த நான் உடன் சென்றேன். முதல்நாள் இரவு, அரிக்கன் லாம்பு ஒளியில், அவர் துடைக்கத் தொடங்கினார். மெசின் எண்ணெய் நீண்ட நாள் நிற்காது என்று குழலின் உள்ளும் புறமும் வசலீன் பூசினார். என் பொறுப்பிலிருந்த இடத்தை மட்டும் என்னிடம் தந்தார். இருவரும் பேசவில்லை.

பொலிசு நிலையத்தில் இளைஞரான உத்தியோகத்தர் ஒருவர் துவக்கை வெறுங்கையாற் குழலிற் பிடித்துத் தூக்கினார். அப்பப்பாவின் முகம் சுருங்கியது. "ஐயா, மாதத்திலை ஒருக்கா எண்ணெய் போடச் சொல்லுங்கோ" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தலையை அசைத்துவிட்டு இலக்கத்தைப் பதிந்தார். அடையாளம் ஏதும் உண்டா என்று புரட்டிப் பார்த்தார். இடக்குழலில் நிறம் போன இடம் என்று பற்றுச்சீட்டில் எழுதினார். வீதிக்கு வந்தபின் அப்பப்பா அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். நெடுநேரம் நடந்தபின், "அப்ப, மாறுப்படாது" என்றார்.

துவக்கு திரும்பி வரவில்லை. அதன்பின்னரும் சனிக்கிழமைகளில் அவர் பாயை விரித்து, பாக்குவெட்டிக்கும் பூட்டுக்கும் அந்த நீண்ட கம்புக்கும் எண்ணெய் இட்டு வந்தார். அவர் மறைந்தபின் பெட்டியைத் திறந்தபோது, அனுமதிப்பத்திரத்தோடு அப்பற்றுச்சீட்டைக் குண்டூசியாற் குத்தி வைத்திருக்கக் கண்டேன். எடுத்தபோது ஊசி இரண்டாக முறிந்தது. தாளில் இரண்டு செம்மஞ்சள் துளைகள் இருக்கின்றன.