ஆரக்கால்களும் ஆயுளும்

மோட்டார் சைக்கிளுக்குக் கம்பிச் சக்கரம் ஒரு தனி அழகு. பள்ளத்தில் இறங்கினாலும் வார்ப்புச் சக்கரத்தைப்போல் எளிதில் விரிசல் விடாது. ஆனால் ஒவ்வொரு கம்பிக்கும் ரிம்மில் ஒரு துளை. அத்தனையும் காற்றுக்கு வாசல்! ஆகையினாலேயே உள்ளே டியூப் வேண்டியிருக்கிறது.

டியூபில் ஆணி ஏறினால், காற்று அவ்வாசல்களின் வழியே சடுதியில் வெளியேறிவிடும். டியூபில்லா டயரிலோ, பெரும்பாலும் ஆணியே அடைப்பாக நிற்கும். காற்று மெள்ளக் கசியும். வண்டியை ஓரங்கட்ட அவகாசம் கிடைக்கும். மலைப்பாதை வளைவில் அந்த அவகாசந்தான் உயிர்.

என் தமக்கை மகனுக்கு நீலகிரி ஏறுவதில் மோகம் அதிகம். "கம்பித் தலைகளின்மேல் பசை பூசி, நாடா ஒட்டிவிட்டால் போதுமாமே, மாமா?" என்றான்.

"காற்று நிற்கும், அப்பனே! டயர் நிற்குமா?" என்றேன்.

டியூபில்லா டயருக்கென்றே செய்த ரிம்மின் உட்புறத்தில் சிறு மேடு ஒன்று ஓடுகிறது. காற்றுக் குறைந்தாலும் டயரின் விளிம்பு நழுவாதபடி அது தடுக்கும். டியூபுக்கான ரிம்கள் பலவற்றில் அம்மேடு இல்லை. பின்னால் கம்பியை இறுக்க நேர்ந்தால் ஒட்டிய நாடாவும் பெயர்ந்துவிடக்கூடும்.

1987-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் கம்பிகளை டயருக்கு வெளியே, ரிம்மின் ஓரத்திலேயே கோத்துவிட்டார்கள். காற்றறையில் துளையே இல்லையென்றால் அடைப்பானேன்?

அத்தகைய சக்கரத்துக்கு விலை அதிகம். இப்போதைக்கு டியூபே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஒட்டுப்போடும் சாமான்களும் கைப்பம்பும் பையனின் மூட்டையில். புதுச் சக்கரத்துக்கான உண்டியல் அவன் தாயாரின் அலமாரியில்!