பார்சல்கள் தூங்காத ஊர்!

இங்கிலாந்து வரைபடத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்தால், அது அநேகமாக டாவென்ட்ரிக்கும் ரக்பிக்கும் பக்கத்தில்தான் போய் நிற்கும். செம்மறி ஆடுகள் மேயும் மேடுபள்ளமான புல்வெளிகள். க்ரிக், கில்ஸ்பி என்று செங்கல் வீடுகள் நிறைந்த சின்னச் சின்ன கிராமங்கள். சுற்றுலாக்காரர்கள் யாரும் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

இருட்டிய பிறகு கதையே வேறு. மரங்களுக்குப் பின்னால் வானம் முழுக்க வெள்ளை வெளிச்சம். ஊர் அளவுக்கு நீளமான சாம்பல் நிறக் கிடங்குகள். ரவுண்டானாவுக்கு ரவுண்டானா வரிசைகட்டி நிற்கும் லாரிகள். லண்டன்காரர் நேற்று ராத்திரி ஆர்டர் செய்த செருப்பும், கிளாஸ்கோ பாட்டிக்குப் பேரன் அனுப்பிய பிறந்தநாள் பரிசும் ஒரு சில மணி நேரமாவது இப்படிப்பட்ட ஒரு கூரைக்குக் கீழே உருண்டுவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்கின்றன.

ஏன் இந்த இடம்? பக்கத்திலேயே வாட்ஃபோர்ட் கேப் என்று ஓர் இடம் இருக்கிறது. தாழ்வான குன்றுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி, அவ்வளவுதான். ரோமானியர்கள் லண்டனிலிருந்து வடமேற்கே சாலை போட்டபோது இதன் வழியாகத்தான் போட்டார்கள். வாட்லிங் ஸ்ட்ரீட் என்ற அந்தச் சாலைதான் இன்றைய ஏ5. பிறகு சரக்குப் படகுகளுக்குக் கால்வாய் வெட்டியவர்களும் இதே இடைவெளியைத் தேடி வந்தார்கள். 1838-ல் லண்டன் - பர்மிங்ஹாம் ரயில் பாதை திறந்தபோது அதுவும் இப்படியே போனது. கொஞ்சம் வடக்கே கில்ஸ்பியில் சுரங்கம் தோண்டும்போது புதைமணலில் மாட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் தண்ணீரை இறைத்துக் கொட்டித்தான் ராபர்ட் ஸ்டீவன்சன் வேலையை முடித்தார். கடைசியாக, 1959 நவம்பர் 2-ம் தேதி எம்1 மோட்டார்வேயின் முதல் பகுதி திறக்கப்பட்டது. அன்றைக்கு அது வந்து முடிந்த இடம் இதே க்ரிக்தான். சாலை, கால்வாய், ரயில், மோட்டார்வே நான்கும் சில நூறு மீட்டருக்குள் அடுத்தடுத்து ஓடுகின்றன.

மோட்டார்வே திறந்த அன்றே வாட்ஃபோர்ட் கேப் சர்வீஸ் நிலையமும் திறந்தது. கட்டடம் தயாராகவில்லை, தற்காலிகக் கொட்டகையில் சாண்ட்விச் விற்றார்கள். லண்டன் பக்கத்தில் இருக்கும் பெரிய வாட்ஃபோர்டு வேறு, இந்தக் குட்டி கிராமம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத வெளியூர்க்காரர் அபூர்வம்.

1997-ல் இங்கே ரயிலும் லாரியும் சரக்கு மாற்றிக்கொள்ளும் டாவென்ட்ரி சர்வதேச ரயில் சரக்கு முனையம் வந்தது. வாய்க்குள் நுழையாத இந்தப் பெயரை டிரைவர்கள் ‘டர்ஃப்ட்’ என்று சுருக்கிவிட்டார்கள். ராயல் மெயில் 2023-ல் தன் மிகப் பெரிய பார்சல் மையத்தை இங்கேதான் திறந்தது. பத்து கால்பந்து மைதானங்களுக்கு மேல் பரப்பு. ஒரு நாளைக்குப் பத்து லட்சம் பார்சல்களைப் பிரித்து அனுப்பும் திறன். பிரிட்டன் மக்களில் 90 சதவிகிதம் பேர் இந்த வட்டாரத்திலிருந்து நான்கு மணி நேர லாரிப் பயணத்துக்குள் இருக்கிறார்கள் என்று கிடங்குக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நான்கு மணி நேரம் என்பது சும்மா வந்த கணக்கல்ல. ஒரு லாரி டிரைவர் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்த ஓய்வுக்கு முன்பே சரக்கு ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையில் 1830-ல் முதன்முதலாகத் தபால் ரயிலேறியது. ராயல் மெயில் தன் சொந்த ரயில்களை நிறுத்தப்போவதாக 2024-ல் அறிவித்துவிட்டது. பாரத்தில் பெரும்பகுதி லாரியின் முதுகில்தான்.

அந்த லாரிகளை ஓட்டுபவர்களில் ஒரு பகுதியினர் கம்பெனி ஆட்களே அல்ல. நிரந்தர டிரைவர்கள் போதாத இரவுகளில் கம்பெனி ஏஜென்சிக்குப் போன் செய்யும். ஏஜென்சி டிரைவருக்குப் போன் செய்யும். ருமேனியர், போலந்துக்காரர், பஞ்சாபி, பக்கத்து ஊர் வெள்ளைக்காரத் தாத்தா என்று எல்லோரும் இந்தப் பட்டியலில் உண்டு. பிற்பகல் மூன்றரை மணிக்கு மெசேஜ் வருகிறது: “இன்று இரவு ஏழு மணி. டர்ஃப்ட். முடியுமா?” முடியாது என்று அடிக்கடி சொன்னால் மெசேஜ் குறைந்துவிடும். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். சரி என்று சொல்லி, சாப்பாடு கட்டி, வீட்டிலிருந்து கிளம்பும்போது “இன்று வேண்டாம்” என்று இன்னொரு மெசேஜ் வருவதும் உண்டு.

வந்து சேர்ந்தவருக்கு முதல் சோதனை, வேலையே தெரியாத மாதிரி நிற்பது. எந்த கேட், எந்த ஆபீஸ், சாவி யாரிடம், டாய்லெட் எங்கே? நேற்று வேறு யார்டு, நாளை வேறு யார்டு. வாங்கிய சாவிக்கு உரிய வண்டியைச் சுற்றி வந்து டயர், விளக்கு, ஒழுகல் எல்லாம் பார்க்க வேண்டும். டேக்கோகிராஃப் கருவியில் தன் கார்டைச் செருக வேண்டும். அந்த நொடியிலிருந்து ஓட்டம், வேலை, ஓய்வு எல்லாம் அதில் பதிவாகும். பிறகு ரிவர்ஸில் மெதுவாக டிரெய்லருக்கு அடியில் போய், ‘டக்’கென்று கொக்கி பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும் வரை காத்திருக்க வேண்டும். கேட்டாலும் நம்பக் கூடாது. ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். காற்றுக் குழாய்கள், மின் கம்பி, காலைச் சுருட்டுவது... எல்லாம் ஒற்றை ஆளாக. கிளீனர் என்று ஒருவர் கிடையாது. கடைசியில் டிரெய்லரின் பின்னால் நம்பர் பிளேட்டை மாட்ட வேண்டும். அங்கே டிரெய்லர் எந்த வண்டியின் பின்னால் போகிறதோ அந்த வண்டியின் நம்பரைத்தான் சுமக்கும்.

ஏற்றும் மேடையில் சிவப்பு விளக்கு எரியும்வரை அசையக் கூடாது. உள்ளே ஆட்கள் சக்கரம் வைத்த கம்பிக் கூண்டுகளைத் தள்ளி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கதவு மூடி, சீல் போட்டு, சீல் நம்பரைத் தாளில் குறித்ததும் பச்சை. டிரெய்லருக்குள் என்ன இருக்கிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது.

பார்சல் டிரெய்லர்களில் பல, மாடி பஸ் மாதிரி இரண்டு அடுக்கு, உயரம் 4.9 மீட்டர் வரை போகும். உயரத்தைக் கேபினுக்குள் எழுதி வைப்பது கட்டாயம். தினமும் ஒரே வண்டி ஓட்டுபவருக்கு அந்த எண் மனப்பாடம். ஏஜென்சி டிரைவருக்கு ஒவ்வோர் இரவும் புது எண். பராமரிப்புக்காக ராத்திரியில் மோட்டார்வேயை மூடுவது அங்கே சர்வ சாதாரணம். மஞ்சள் பலகையில் கறுப்புச் சதுரமோ முக்கோணமோ போட்டு மாற்றுப் பாதை காட்டுவார்கள். அதைத் தவறவிட்டு, கார்களுக்கான போன் மேப்பை நம்பினால் அது பழைய ஏ5-ல் கொண்டுபோய் விடலாம். அந்தச் சாலையில் வடமேற்கே ஹின்க்லி அருகே ஒரு ரயில் பாலம் இருக்கிறது. பிரிட்டனில் லாரிகள் அதிகம் இடித்த பாலங்களின் பட்டியலில் முதலிடம் பிடித்த பாலம்! ரோமானியர் போட்ட சாலைக்கும் ரயில்காரர் கட்டிய பாலத்துக்கும் நடுவே மாட்டுவது பார்சல் லாரி. இடித்தால் மேலே ரயில் நிற்கும், கீழே சாலை நிற்கும், ஓட்டியவரின் லாரி லைசென்ஸ் விசாரணைக்குப் போகலாம். ஏஜென்சியிலிருந்து அடுத்த மெசேஜ் வராது.

தவறில்லாத இரவு என்றால், க்ரிக்குக்குக் கொஞ்சம் வடக்கே எம்1-லிருந்து பிரியும் எம்6-ல் ஏறி, பர்மிங்ஹாமின் ‘ஸ்பாகெட்டி ஜங்ஷன்’ பாலங்களைக் கடந்து வடக்கே போக வேண்டியதுதான். கருவி 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விடாது. பாதி வழியில் ஒரு யார்டில், ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர் காத்திருப்பார். இருவரும் டிரெய்லரை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்புவார்கள். பேச நேரமிருந்தால் எதிர்ப்பக்கம் எங்கே சாலை மூடியிருக்கிறது என்ற தகவல்தான் முதலில். குளிர் பற்றிப் புலம்பல் இரண்டாவது.

சட்டம் இவர்களை முழுக்கக் கைவிடவில்லை. 2011 அக்டோபரில் அமலுக்கு வந்த விதிப்படி, ஒரே இடத்தில் ஒரே வேலையில் 12 வாரம் முடித்த ஏஜென்சி ஊழியருக்கு நிரந்தர ஊழியருக்கு இணையான அடிப்படைச் சம்பளம் உண்டு. கேன்டீனில் சாப்பிடும் உரிமை முதல் நாளிலிருந்தே. ஆனால் நடுவில் ஆறு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், வாரக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நவம்பர் கடைசியின் தள்ளுபடி விற்பனை முதல் கிறிஸ்துமஸ் வரை போன் ஓயாது அடிக்கும். ஜனவரி பிறந்தால் மௌனம். கடன் தவணை மட்டும் ஜனவரியிலும் தேதி தவறாமல் வரும்.

2021-ல் இந்த மௌனம் தலைகீழானது. ஒரு லட்சம் டிரைவர்கள் குறைவு என்று லாரி முதலாளிகள் சங்கம் கணக்குச் சொன்னது. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டு, டேங்கர் ஓட்ட ராணுவ வீரர்கள் வந்தார்கள். சம்பளம் ஏறியது, டிரைவருக்கு மரியாதையும் ஏறியது. அந்த ஆண்டைப் பற்றிப் பேசச் சொன்னால் பழைய டிரைவர்களின் முகம் மலர்ந்துவிடும்.

டர்ஃப்டின் புதிய கிடங்குகள் எழுந்திருப்பது பழைய ரக்பி ரேடியோ நிலையத்தின் நிலத்தில். 2007 வரை பிரிட்டன் முழுவதற்கும் துல்லியமான நேரத்தை ஒலிபரப்பியது அந்த நிலையம். கம்பங்கள் போய்விட்டன. இப்போது அங்கே ஒவ்வொரு கேபினுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

காலை ஐந்து மணிக்கு அவர் திரும்பி வருகிறார். டிரெய்லரைக் கழற்றி விடுகிறார். டேக்கோவிலிருந்து கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போடுகிறார். ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் பெண் சாவியை வாங்கிக்கொண்டு, “நாளைக்கு வருவீர்களா?” என்று கேட்கிறாள். “மெசேஜ் வந்தால்” என்கிறார். பிறகு ஞாபகம் வந்து திரும்ப நடக்கிறார். டிரெய்லரின் பின்னால் நம்பர் பிளேட்டைக் கழற்ற மறந்துவிட்டார்.