இரண்டு பக்கமும் ஒன்றாக ஓட வேண்டும்

சென்னையில் ராஜ்தூத் 350-ஐ இன்றும் பிரித்து மாட்டும் பட்டறைகளில் வண்டிக்காரரின் கேள்வியும் மெக்கானிக்கின் கேள்வியும் ஒன்றோடொன்று ஒட்டாமலே தொடங்குகின்றன. "பவர் ஏத்திக் குடுங்கண்ணே" என்கிறார் வந்தவர். எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்கிற வயிறு பருத்த சைலன்சர், பெரிய கார்ப்பரேட்டர், போர்ட்டைக் குடைந்து பெரிதாக்குவது எல்லாம் அவர் மனத்தில் இருக்கிறது. மெக்கானிக்கோ, "கிராங்க் சீல் எப்ப மாத்துனது தம்பி? எந்தப் பக்கம் சீஸ் ஆச்சு?" என்று விசாரிக்கிறார். இந்த வேலையை அருகில் நின்று பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. காற்றில் குளிரும் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் சக்தியைக் கூட்டுவதையும் வண்டியை நம்பி ஓட்டும்படி ஆக்குவதையும் பிரிக்க முடியாது. இரண்டு சிலிண்டரும் சமமாக உழைத்து, சமமாகச் சூடாகி, சமமாக ஆற வேண்டும். வண்டிக்காரர் கேட்கும் பவரில் பெரும்பங்கு அங்கேதான் முடங்கிக் கிடக்கிறது.

யமஹா 1973-இல் ஆர்.டி. 350-ஐக் கொண்டுவந்தபோது அந்த 347 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் 39 குதிரைத்திறன் தந்தது. எஸ்கார்ட்ஸ் 1983-இல் அதை இந்தியாவில் ராஜ்தூத் என்று விற்றபோது மைலேஜுக்காகச் சைலன்சரையும் போர்ட்டுகளையும் மாற்றி 30.5-க்கு இறக்கினார்கள். பிறகு வந்த 'லோ டார்க்' வகை வண்டியில் அது 27 அளவுக்கு வந்தது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலேயே சென்னை மெக்கானிக்குகளுக்கு இந்த எஞ்சின் பழகிவிட்டது. கம்பெனி பூட்டிவைத்த சக்தியைத் திறக்கும் வழி அவர்களுக்குத் தெரியும். ஆனால் முப்பத்தைந்து வயதைத் தாண்டிப் பட்டறைக்கு வருகிற வண்டி, பூட்டியபின் மிஞ்சிய சக்தியையும் முழுசாகத் தருவதில்லை. ஒரு சிலிண்டர் இழுக்க, இன்னொன்று கூடவே சுற்றிக்கொண்டிருக்கும்.

காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் போய் அழுத்தப்பட்டு, பிறகுதான் சிலிண்டருக்குள் ஏறும். ஆர்.டி.யில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிராங்க் அறை தனி. அந்த அறையின் காற்றை அடைத்து வைப்பது, காலப்போக்கில் விறைத்துப்போகும் ரப்பர் சீல். இடப்பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்தச் சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் குறையும். சூடு ஏறி, பிஸ்டன் பிடித்துவிடும்; மெக்கானிக் விசாரித்த 'சீஸ்' இதுதான். கிளட்ச் இருக்கும் வலப்பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே வரும், அந்தப் பக்கத்துச் சைலன்சர் மட்டும் வெள்ளையாகப் புகையும். நல்ல மெக்கானிக் இதை ஊகிப்பதில்லை. கார்ப்பரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் வைத்து அடைக்கிறார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பந்தையும் முள் காட்டும் மீட்டரையும் ஒரு குழாயில் பொருத்தி, 6 பி.எஸ்.ஐ. வரை காற்றை ஏற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். முள் அசையாமல் நின்றால் சரி. இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவுகிறார். எங்கே நுரை பூக்கிறதோ அங்கேதான் பவர் போய்க்கொண்டிருக்கிறது. பெரிய கார்ப்பரேட்டர் எதுவும் அந்த ஓட்டையை அடைக்காது.

கிராங்க் வேலை இதைவிட நுணுக்கம். தனித்தனித் துண்டுகளை அழுத்திச் சேர்த்துச் செய்த கிராங்க் அது. கனெக்டிங் ராடு மாற்றப் பிரித்துச் சேர்த்தால் துண்டுகள் ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. லேத்தின் இரு முனைகளுக்கிடையில் அதை மாட்டி, டயல் கேஜை வைத்துக் கையால் மெல்லச் சுற்றுகிறார்கள். முள் எந்த இடத்தில் விலகுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு, பிறகு செம்புச் சுத்தியலால் ஓர் அடி. மறுபடி சுற்றி, மறுபடி அளந்து, விலகல் மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு மூன்று பங்குக்குள் வரும்வரை இது நடக்கிறது. அந்த அடியின் பலத்தை எந்தக் கையேடும் சொல்லித்தர முடியாது. சிலிண்டரைக் குடைந்து போர் போடுவதிலும் இதே கவனம்தான். கடையில் ஒரே ஓவர்சைஸ் என்று வாங்கிய இரண்டு பிஸ்டன்களும் அளவில் அப்படியே ஒத்திருப்பது அரிது. ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து அததற்கு ஏற்றபடி போர் போட வேண்டும். இக்னிஷன் டைமிங்கையும் இரு பக்கத்துக்கும் தனித்தனியாகத்தான் வைக்கிறார்கள், பிளக் துளையில் டயல் கேஜை இறக்கி, பிஸ்டன் உச்சிக்கு வர 2.0 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் பிரிந்து தீப்பொறி விழும்படி.

பவரை ஏற்றினால் ஆயுள் குறையத்தானே செய்யும் என்பார்கள். ஓர் எல்லைக்கு மேல் அது உண்மை, மறுக்க மாட்டேன். எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தினால் சக்தி மேல் வேகத்துக்குப் போய்விடும், நகரத்து நெரிசலில் இழுவை செத்துவிடும். அளவுமீறி அகலப்படுத்தினால் ரிங் அதில் மாட்டி உடையும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் எக்ஸ்பான்ஷன் சேம்பரை ஆராய்ந்து, 1961-இல் 125 சி.சி. எஞ்சினிலிருந்து 25 குதிரைத்திறன் எடுத்தார். ஆனால் அது ஒரு பந்தயம் முடிந்ததும் பிரித்துப் பார்க்கப்படும் எஞ்சின். நம் தெருவண்டிக்கு அது அளவுகோல் ஆகாது. அதே சமயம் 27-ஐ 39-க்கு அருகே கொண்டுபோவது, எஞ்சினை அது வரையப்பட்ட இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவதுதான். சீலும் கிராங்கும் டைமிங்கும் சரியாக இருக்கும்வரை அந்த உயர்வு ஆயுளைத் தின்பதில்லை. ஆயுளைத் தின்பது ஒரு பக்கம் மட்டும் ஏறும் சூடு.

டைனோ வந்த பிறகு காதும் கண்ணும் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. டைனோ நல்ல கருவிதான். ஆனால் அது பின்சக்கரத்தில் சேருகிற மொத்தச் சக்தியை அளக்கிறது. ஒரு சிலிண்டர் அளவுக்கு மேல் உழைத்து மற்றது சோம்பினாலும் கூட்டுத்தொகை மரியாதையாகவே தெரியும். முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். ஒன்று காப்பி நிறம், இன்னொன்று வெளிறிய சாம்பல் என்றால் வெளிறியது பெட்ரோலுக்கு ஏங்குகிறது. அதன் பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியப் புள்ளிகள் தெரிந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது, வண்டியை இன்னொரு முறை கிளப்பக் கூடாது.

புகை விடுகிறதே என்றால், டூ ஸ்ட்ரோக் எரியாத பெட்ரோலைக் கொஞ்சம் வெளியே விடும் எஞ்சின்தான். அது மறுபடி தயாரிக்கப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருக்கிற வண்டிகள் சீராக ஓடினால் புகையும் குறையும். என்னை உறுத்துவது வேறு: கண்ணுக்குத் தெரியும் சேம்பருக்குக் கேட்ட பணம் உடனே கிடைக்கிறது, நாள் முழுக்கக் குனிந்து கிராங்கை நேராக்கியவரிடம் பேரம் நடக்கிறது. பில்லில் "லேபர்" என்ற ஒரே வரிக்குள் அத்தனை அளவெடுப்பும் அடங்கிவிடுகிறது. இதைப் பார்த்து வளரும் பையன் சேம்பர் வெல்டிங்கைக் கற்றுக்கொள்வானா, டயல் கேஜைக் கற்றுக்கொள்வானா? பிரஷர் டெஸ்ட், கிராங்க் அலைன்மென்ட், டைமிங் என்று தனித்தனியாக எழுதித் தனித்தனியாகக் கூலி வாங்குவதே நியாயம்.

அந்தப் பையன்களுக்கான வேலை குறையப் போவதும் இல்லை. பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. சென்சார் உள்ள புதிய வண்டி தானே திருத்திக்கொள்ளும், கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது. கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட்டோடு ஓடினால் இரண்டு சிலிண்டரும் சூடேறும், காற்றுப் படாத உள்பக்கங்களில் இன்னும் அதிகமாக. அதனால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, ஓட்டி, பிளக் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு படி ஏற்ற வேண்டும். இதை ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்தாக வேண்டும். யமஹாவின் பழைய கையேட்டில் இதற்கு எண் கிடையாது.