முதுகுப் பையை யார் சுமப்பது?

சிங்கப்பூரின் தென்கரைக்கு அப்பால் இருக்கும் சிறு தீவொன்றுக்குச் செந்தோசா என்று பெயர். மலாய் மொழியில் அமைதி, நிம்மதி என்று பொருள் தரும் இச்சொல்லும் நாம் வழங்கும் சந்தோஷமும் ஒரே சமஸ்கிருத வேரில் இருந்து வந்தவை. ஒரு காலத்தில் பிரித்தானியப் படையினர் முகாமிட்டிருந்த இத்தீவு, 1972ஆம் ஆண்டு முதல் உல்லாசத் தலமாக அபிவிருத்தி செய்யப்பட்டது. 2010இல் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் என்னும் கேளிக்கைப் பூங்கா இங்கே திறக்கப்பட்டது. பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு சிங்கப்பூர் செல்லும் நம்மவர்களில் பலர் ஒரு முழு நாளை இதற்கென்றே ஒதுக்கி விடுகின்றனர்.

அங்கு சென்று வந்த பிள்ளைகளைக் கேட்டால் டைனோசரையும் மம்மியையும் பற்றி மூச்சு விடாமல் சொல்வார்கள். நாம் இங்கே பேசப்போவது அவற்றைப் பற்றியல்ல. அன்று காலையில் இருந்து இரவு வரை குடும்பத்தில் ஒருவரின் தோளில் தொங்கும் முதுகுப் பையைப் பற்றித்தான். அந்தப் பை எப்படி அமைகிறதோ, அப்படித்தான் அந்த நாளும் அமையும்.

விவோசிட்டி என்னும் பெரிய கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் இருந்து ஒற்றைத் தண்டவாள ரயில் செந்தோசாவுக்குப் புறப்படுகிறது. முதலாவது தரிப்பிடத்தில் இறங்கினால் பூங்காவுக்கு நடந்தே போகலாம். கடலின் மேல் அமைந்த நடைபாதை வழியாகவும் தீவை அடையலாம். பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 20 ஹெக்டயர். நடுவே ஒரு நீர்நிலை. அதைச் சுற்றி ஹொலிவூட், நியூயோர்க், பண்டைய எகிப்து என ஏழு பகுதிகள். ஒரு சுற்று நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். தூரம் பெரிதல்ல. ஆனால் வெயிலில் வரிசையில் நிற்பதும், திரும்பத் திரும்ப நடப்பதுமாகப் பத்து மணித்தியாலம் கழியும்போதுதான் தோளில் இருப்பதன் பாரம் தெரிய வரும்.

நம் நாட்டில் சுற்றுலா என்றால் விடியற்காலையிலேயே சோற்றுப் பார்சல் கட்டி, பிளாஸ்கில் தேநீர் ஊற்றி, போத்தல் போத்தலாகத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போவதுதான் வழக்கம். வான் வண்டியில் போகும்போது அது சரி. இங்கே அந்த வழக்கம் உதவாது. பூங்காவுக்குள் வெளி உணவு கொண்டு செல்ல அனுமதி இல்லை. குழந்தைக்குரிய உணவுக்கும் மருத்துவக் காரணத்துக்காக வேண்டிய உணவுக்கும் மட்டும் விலக்கு உண்டு. வாயிலில் பைகளைச் சோதித்தே உள்ளே விடுவார்கள். உள்ளே உணவு வாங்கும்போது, சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான 'முயிஸ்' வழங்கும் ஹலால் சான்றிதழ் அந்தக் கடையில் தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

தண்ணீரின் கணக்கும் எளியதுதான். ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோகிராம். ஐந்து பேருக்கென்று ஆறு லீற்றர் சுமந்தால் ஆறு கிலோ ஒருவரின் முதுகில் ஏறும். சிங்கப்பூரில் குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். ஆளுக்கொரு அரை லீற்றர் போத்தலை எடுத்துச் சென்று குறையக் குறைய நிரப்பிக்கொண்டால் போதும். பாரம் பாதிக்கு மேல் குறைந்து விடும்.

பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை சிலவே. பகல் வெப்பநிலை 31, 32 பாகை செல்சியஸ் வரை ஏறும். ஆண்டில் 160 நாட்களுக்கு மேல் மழையும் பெய்யும். ஆகவே ஆளுக்கொரு மெல்லிய மழைக்கோட்டு வேண்டும். குடை வேண்டாம், வரிசையில் அது பெரும் தொல்லை. ஜுராசிக் பார்க் படகுச் சவாரியில் தலை முதல் கால் வரை நனையும் வாய்ப்பு உண்டு என்பதால் சிறு துவாய் ஒன்றும், சிறு பிள்ளைக்கு மாற்றுடையும், இவற்றைச் சுற்றி வைக்க ஒரு பொலித்தீன் பையும் தேவை. அன்றாடம் எடுக்கும் மருந்து, ஒரு பிளாஸ்டர், கையடக்கத் தொலைபேசிக்கு மின்னேற்றும் சாதனம் ஆகியவற்றோடு பை நிறைந்தது. பிள்ளையின் சட்டைப் பையில் பெற்றோரின் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டொன்றை வைக்க மறக்க வேண்டாம். சூயிங்கம் இருந்தால் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். மருத்துவத் தேவைக்கானவை தவிர்ந்த சூயிங்கத்தை அந்நாட்டுக்குள் கொண்டு செல்வதற்கு 1992 முதல் தடை உண்டு.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். பற்றில்ஸ்ரார் கலக்டிக்கா போன்ற அதிவேக ரோலர் கோஸ்டர்களில் பையோடு ஏற முடியாது. உயரத்தில் தலைகீழாகச் சுழலும்போது கையில் இருந்து நழுவும் ஒரு தொலைபேசி கூடக் கீழே நிற்பவரின் உயிருக்கு ஆபத்தாகி விடும். எனவே அருகில் உள்ள லொக்கரில் பொருட்களை வைத்துப் பூட்டிய பிறகே ஏற விடுவார்கள். குறித்த நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் கட்டணம் அறவிடப்படும்.

லொக்கர் இருந்தும் நம் குடும்பங்கள் அதை நாடுவது குறைவு. ஏனென்றால் அவர்களிடம் வேறொரு லொக்கர் இருக்கிறது. சவாரிகளின் வாயிலருகே உள்ள வாங்குகளைப் பாருங்கள். இரு பக்கமும் பைகள், மடியில் தொப்பிகள், கையில் பாதி குடித்த போத்தல்களோடு ஒரு தாய் அமர்ந்திருப்பார். "நீங்க போய்ட்டு வாங்க மகன், பேக்க நான் பாத்துக்கொள்றன்" என்பார். பிள்ளைகள் ஓடி விடுவார்கள். அவருக்கும் அன்றைய டிக்கட்டின் விலை அதேதான். அவரும் நாலு மணி நேரம் விமானத்தில் பறந்து வந்தவர்தான். மாலையில் அவர் கண்டது அந்த வாங்கு மட்டுமே.

எல்லா உம்மாமாருக்கும் தலைகீழாகச் சுற்ற ஆசை இருக்கும் என்பதில்லை. விருப்பம் இல்லாதவர் இருக்கட்டும். ஆனால் அவரிடம் கேட்ட பிறகல்லவா அதை முடிவு செய்ய வேண்டும்? நிழலில் அமர்ந்து பார்க்கக்கூடிய காட்சிகளும் அங்கு உண்டு.

இதற்கு வழி உண்டு. பெரிய பை ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய பைகளாகப் பிரியுங்கள். பிள்ளைகளின் பை அவர்களது உடல் நிறையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. முப்பது கிலோ நிறையுள்ள பிள்ளை தன் போத்தலையும் மழைக்கோட்டையும் தானே சுமக்கலாம். பொதுவான பையை ஒரு மணிக்கொரு தடவை கை மாற்றுங்கள். வாப்பாவின் முறை வரும்போது வாப்பாவும் வாங்கில் இருக்கட்டும். உயரம் போதாத சிறு பிள்ளையோடு ஒருவர் காத்திருக்க நேர்ந்தால், மற்றவர் இறங்கியதும் மீண்டும் வரிசையில் நில்லாமல் ஆள் மாறி ஏறும் வசதி உண்டா என்று வாயிலில் நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள்.

சிங்கப்பூரோ, கண்டியோ, எங்கு போனாலும் பை கட்டும்போதே ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வோம்: இதை யார் சுமக்கப் போகிறார், எவ்வளவு நேரம்? அந்தக் கணக்கு நேராக இருந்தால், அன்று எடுக்கும் படத்தில் குடும்பத்தில் எல்லோரும் இருப்பார்கள்.